கூட்டத்துக்கு வராத பெற்றோரைப் படிப்போடு இணைப்பது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வகுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர்கள் ஐந்து பேர். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எதைப் போட்டாலும் இரண்டு கட்டைவிரல் படம்தான் பதிலாக வருகிறது. வீட்டுப்பாடம் பாதிப் பேர் செய்வதில்லை. கேட்டால் தோட்ட வேலை, ஆலை வேலை, நேரமில்லை என்கிறார்கள். படிக்காத பெற்றோர் வேறு. இவர்களைப் பிள்ளைகளின் படிப்போடு எப்படித்தான் இணைத்து வைப்பது?"

டீச்சர், உங்கள் கேள்வியில் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. பெற்றோரைப் பள்ளிக்கு வரவைப்பது ஒன்று. பிள்ளை என்ன படிக்கிறது என்பது வீட்டுப் பேச்சில் இருக்கும்படி செய்வது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம் பள்ளிகள் நம்புகின்றன. வருவதில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, பள்ளி வாரியத் தலைவர் உரையையும் கட்டட நிதிக் கணக்கையும் கேட்டு, மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுப் போகிற அப்பாவுக்குத் தன் மகள் இந்த வாரம் எந்த எழுத்தில் தடுமாறுகிறாள் என்பது தெரியாது. பள்ளி வாசலை மிதித்தே இராத ஒரு பாட்டி, இரவில் பேத்தியை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பாட்டிதான் முக்கியம். நீங்களும் வருகைப் பதிவை மறந்துவிட்டுப் பாட்டியைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

ஆனால் அதற்கு முன், அவர்கள் ஏன் வருவதில்லை என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 'அக்கறை இல்லை' என்ற தீர்ப்பை ஆசிரியர் அறையில் தினமும் கேட்டு அலுத்துப்போனவன் நான்.

நம் பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது பெயருக்கு ஒரு கொட்டகை. தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோ வேலை போக மீந்த நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த இடங்களும் உண்டு. பள்ளி தோட்டத் துரையுடையது. தாய் தகப்பனுக்கு அதில் வாய் கிடையாது. அந்தப் பழக்கம் ஒன்றிரண்டு தலைமுறையில் போய்விடாது. உங்கள் வட்டாரத்துக்கே நூறு வயதுக்கு மேற்பட்ட தோட்ட வரலாறு இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் இன்னும் சொல்கிற உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு நடந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. பல பள்ளிகள் இடம் மாறிவிட்டன. பெயரில் மட்டும் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்ட லயத்தில் இருந்த குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. அப்பா லோரி ஓட்டுகிறார் அல்லது பாதுகாவலர். அம்மா தொழிற்சாலையில் ஏழுக்கு ஏழு ஷிஃப்ட்.

இன்னொன்றும் இருக்கிறது. 'படிக்காத பெற்றோர்' என்று நீங்கள் சொல்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள்தாம். அதன் பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய்க்குப் பழக வைக்கும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார்ந்து, அப்போதும் தேசிய மொழியான மலாய் பிடிபடாமல் பின்வரிசைக்குப் போய், மூன்றாம் படிவ வகுப்போடு நின்றவர்கள் அவர்களில் பலர். எழுத்து தெரியும். பள்ளிக்கூடம் என்றால் கூச்சம். நம் கடிதம் வந்தாலே ஏதோ குறை என்று வயிறு கலங்கும். அவர்களுக்கு நாம் அனுப்புவது என்ன? தேசிய மொழியில் அலுவல் எண் போட்ட சுற்றறிக்கை, கட்டணப் பாக்கி, 'உங்கள் மகன் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறான்'. படிப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிறகு கட்டைவிரல் படம் வராமல் வேறு என்ன வரும்?

சரி, வேலைக்கு வருவோம்.

புலனக் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். பணம், சீருடை, விடுமுறை, துப்புரவுப்பணி எல்லாம் ஒரு குழுவில். அதில் நீங்கள் மட்டுமே எழுதும்படி பூட்டிவிடுங்கள். 'வணக்கம்', 'காலை வணக்கம்' பூப்படங்கள் அதோடு ஒழியும். இன்னொரு குழு பாடத்துக்கு மட்டும். அதில் வாரம் ஒரு முறை, ஒரே ஒரு குரல் பதிவு. நாற்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் வேண்டாம், காணொளியும் வேண்டாம். முன்பணம் போட்டு ஓட்டுகிற கைப்பேசியில் காணொளி திறக்கத் தயங்குவார்கள். குரலைத் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடலாம்.

அந்த நாற்பது விநாடியில் என்ன சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வாரம் படித்தது ஒன்று. பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி. அவ்வளவுதான். சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை, கேட்பது அவர்கள் வேலை. இப்படிப் பேசலாம்:

"வணக்கம்மா, வணக்கம்ப்பா. இந்த வாரம் கணக்குப் பாடத்தில காசு. இருபது வெள்ளி குடுத்து சாமான் வாங்கினா மீதி எவ்வளவுன்னு பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க. அடுத்த தடவ கடைக்குப் போறப்ப மீதிக் காச பிள்ளைகிட்ட குடுத்து, சரியா இருக்கான்னு எண்ணச் சொல்லுங்க. தப்பா எண்ணினா திட்டாதீங்க, திரும்ப எண்ணச் சொல்லுங்க, போதும்."

பேச்சுத்தமிழில் பேசுங்கள். செந்தமிழில் அறிவித்தால் கோயில் ஒலிபெருக்கி மாதிரி காது தாண்டிப் போய்விடும்.

நேரமும் முக்கியம். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) விடியுமுன் எழுகிறவர்கள் மதியம் திரும்பி வந்து படுத்துவிடுவார்கள். இரவு ஷிஃப்ட் அம்மா மாலை ஆறரைக்கே பேருந்துக்கு நிற்பார். பள்ளி முடிந்த கையோடு மதியம் இரண்டு மணிக்கு அனுப்புவது உங்களுக்கு வசதி, அவர்களுக்கு இல்லை. ஒரு வாரம் ஆறு மணிக்கும் ஒரு வாரம் எட்டு மணிக்கும் போட்டுப் பாருங்கள். எப்போது அதிகம் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பதில் வராது. வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். கேட்டார்களா என்பதை மறுநாள் பிள்ளைகளிடம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் "அம்மா கேட்டாங்களா?" என்று விசாரிக்காதீர்கள். அம்மா இரவு வேலைக்குப் போன பிள்ளை தலை குனியும். "நேத்து யார்கிட்ட காசு எண்ணிக் காட்டின?" என்று கேளுங்கள். அக்கா, தாத்தா, பக்கத்து வீட்டு அத்தை, கடைக்கார அண்ணன், யார் பெயர் வந்தாலும் சரி. நாலைந்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் கேட்கிற காது யாருடையது என்று உங்களுக்கு ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியல் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற 'பெற்றோர் / பாதுகாவலர்' பெயர்களோடு பல இடங்களில் ஒத்துப்போகாது. அப்பா சிங்கப்பூரில், அம்மா வேறு ஊரில், பிள்ளை பாட்டியிடம் என்ற வீடுகள் நம்மிடையே குறைவா? குரல் பதிவைத் தொடங்கும்போதே 'வீட்டுப் பெரியவங்களே' என்று விளித்தால் இன்னும் நல்லது.

இதற்கு அடுத்தபடி, தனித்தனியாக அனுப்பும் ஒரு வரி. அமெரிக்காவில் கிராஃப்ட், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தோற்ற பாடத்தைக் கோடை வகுப்பில் மீண்டும் எடுக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு, ஆசிரியரிடமிருந்து வாரம் ஒரே ஒரு வரிச் செய்தி போனது. அந்த வகுப்பில் தேறாமல் போனவர்களின் பங்கு 15.8 விழுக்காட்டிலிருந்து 9.3 விழுக்காடாக இறங்கியது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. 'நன்றாகச் செய்கிறான்' என்ற பாராட்டு வரியைவிட, 'இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்' என்று குறிப்பாகச் சொன்ன வரிதான் அதிகம் பலித்தது. அவர்கள் பெரிய பிள்ளைகள், ஊரும் வேறு, நம் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காரணம் நமக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். பாராட்டைக் கேட்டால் அம்மாவுக்கு மகிழ்ச்சி, அதோடு சரி. என்ன செய்யலாம் என்று தெரிந்தால் கை அசையும்.

'கவனம் இல்லை', 'முயற்சி போதாது' என்பவை வேலைக்கு ஆகாத வரிகள். அதைக் கேட்ட தகப்பன் செய்யக்கூடியது அடிப்பது ஒன்றுதான். இப்படி எழுதுங்கள்: 'ல, ள இரண்டையும் மாற்றி எழுதுகிறாள். சாப்பிடும்போது பல்லி, பள்ளி என்று இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.' பதினெட்டுப் பேருக்கும் ஒரே வாரத்தில் எழுத வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு ஒரு பிள்ளை என்று வைத்தால் மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். குறை சொல்லும் வரி எதுவும் குழுவில் போகக் கூடாது. ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் குழுவில் குறைபட்டால் அந்தக் குடும்பம் உங்களுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்காது.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்தவரை வீட்டுக்கு ஒரு பிடி இருந்தது. எத்தனை ஏ என்று கேட்கத் தெரியும். அந்தத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வுகள் அதற்கு முன்பே, 2019 முதல், இல்லை. இப்போது வகுப்பறைசார் மதிப்பீடு, அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை. பிள்ளையின் தாளில் 3 என்று இருந்தால் அம்மா என்ன நினைப்பார்? ஆறுக்கு மூன்று, பாதி மதிப்பெண், மக்கு. உண்மையில் மூன்று என்றால் பிள்ளைக்கு அது தெரியும், புரியும், செய்யவும் முடியும் என்று பொருள். எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை அது. ஒன்றிலும் இரண்டிலும் நிற்கிற பிள்ளைக்குத்தான் கை கொடுக்க வேண்டும். இதை அந்தத் தாளைக் கொடுக்கும்போதே ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லுங்கள். எண்ணைவிட நோட்டுப் புத்தகம் நன்றாகப் பேசும். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய ஒரு பக்கம், இன்று எழுதிய ஒரு பக்கம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத தாத்தாவுக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

அதை எப்போது காட்டுவது? தனியாகக் கூட்டம் போட வேண்டாம். அவர்கள் எப்படியும் வருகிற நாளைப் பிடியுங்கள். அரசின் பள்ளித் தொடக்க உதவித்தொகை 150 ரிங்கிட்டை நேரில் கொடுக்கும் நாளில் வராத வீடு எது? அன்றைக்கு வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் நிற்கிற இடத்தில் நாலு மேசை போட்டு நோட்டுகளை வையுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். பிள்ளையே தன் நோட்டைத் திறந்து, 'இது அப்ப எழுதுனது, இது இப்ப எழுதுனது' என்று காட்டட்டும். முதல் நாளே வகுப்பில் அதை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஆசிரியர் பேசினால் கைகட்டி நிற்கிற அப்பா, தன் பிள்ளை பேசினால் குனிந்து பார்ப்பார். விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா எல்லாவற்றிலும் இதைச் செய்யலாம்.

கூட்டம் வைத்தே ஆக வேண்டும் என்றால் காலத்தைப் பார்த்து வையுங்கள். செம்பனை விளைச்சல் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போகும். குலை வெட்டுகிறவர்களுக்கு அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. ஆலையிலும் மிகைநேர வேலை. அந்த மாதங்களில் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. (பால்மரம், அதாவது ரப்பர், மிஞ்சியிருக்கிற இடங்களில் இன்னொரு வசதி உண்டு. மரப்பட்டை நனைந்தால் சீவ முடியாது. அதனால் மழைக் காலையில் சீவுகிறவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். பார்க்கப் போவதற்கு அது நல்ல நேரம்.)

வீட்டுக்குப் போவதைப் பற்றி. போங்கள், ஆனால் குறை சொல்லப் போகாதீர்கள். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் 1998இல் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய ஒரு வீட்டு வருகைத் திட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. அதன் விதிகள் எளியவை. இருவராகப் போக வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும், பிரச்சினைப் பிள்ளைகள் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது, பிள்ளையைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆசை என்று கேட்க வேண்டும். நம் ஊருக்கு நான் ஒன்று சேர்ப்பேன். கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் மனம் சுருங்கிவிடும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போவது உங்கள் பாதுகாப்புக்கு.

அடுத்து வாசிப்பு. இதில் நான் பிடிவாதக்காரன். வாரம் ஒரு படக்கதைப் புத்தகம் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வீட்டுக்குப் போக வேண்டும். பெரியவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வொயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் காட்டும்போது பெற்றோர் வெறுமனே வாசிக்காமல் 'இது என்ன, ஏன் இப்படிச் செய்யுது, அப்புறம் என்ன ஆகும்' என்று கேட்டுப் பிள்ளையைப் பேசவிட்டார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு வளம் மற்றவர்களைவிட முன்னால் போனது. கேள்வி கேட்கத் தெரியாத பாட்டி எந்த ஊரில் இருக்கிறார்? படத்தைப் பார்த்துப் பாட்டி கேட்கட்டும், பேத்தி சொல்லட்டும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து, இலவசமாக அச்செடுத்துக்கொள்ளும் உரிமையோடு வைத்திருக்கிறார்கள். சில சொற்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கும், பரவாயில்லை. அச்செடுத்து, நெகிழி உறை போட்டு, இருபது புத்தகம் சுற்றில் விட்டால் ஆண்டு ஓடிவிடும். கிழிந்தால் கேட்காதீர்கள். கிழிந்த புத்தகம் திறந்த புத்தகம். கல்வி அமைச்சின் வாசிப்புத் திட்டமான நீலாம் பதிவேட்டில் எத்தனை புத்தகம் என்று எண்ணிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை இதோடு கலக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நுழைந்தால் வீட்டில் வாசிக்காமலே கையெழுத்து விழும்.

வீட்டில் இருக்கிற அறிவை வகுப்புக்குள் கொண்டுவருவது இதைவிடப் பெரிய இணைப்பு. எடை பாடம் வரும்போது, செம்பனை வெட்டுகிற ஓர் அப்பாவை ஞாயிறு பார்த்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு குலை எத்தனை கிலோ இருக்கும், பழுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கீழே உதிர்ந்த பழத்தை ஏன் பொறுக்க வேண்டும். உதிரிப் பழத்தைப் பார்த்துத்தான் குலை முற்றியதா என்று சொல்வார்கள் என்பது பட்டணத்தில் வளர்ந்த ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். மகனுக்குத் தெரியும். தன் அப்பாவின் குரல் வகுப்பில் ஒலிப்பதைக் கேட்ட பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அப்பா அதன் பிறகு உங்கள் குரல் பதிவைக் கேட்காமல் இருக்க மாட்டார்.

வீட்டுப்பாடம் பாதிப் பேர் செய்வதில்லை என்றீர்கள். குறையுங்கள். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதை மட்டும், கால் மணி நேரத்துக்குள் முடிவதை மட்டும் கொடுங்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாம் எல்லாரும் பார்த்தோம், வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இன்றும் பல வீடுகளில் அதே நிலைதான். கைப்பேசி இல்லாமல் செய்ய முடியாத வீட்டுப்பாடம் வேண்டவே வேண்டாம். பாலிஸ்டைரின் அட்டை வாங்கி எரிமலை செய்துவரச் சொல்லும் செயல்திட்டங்களும் அப்படியே. அது அம்மாவின் பணத்துக்கும் தூக்கத்துக்கும் வைக்கிற தேர்வு.

பள்ளியிலிருந்து போகும் தேசிய மொழிக் கடிதத்தின் தலையில் இரண்டு வரி தமிழில் எழுதி ஒட்டுங்கள்: என்ன விஷயம், எந்தத் தேதிக்குள். நாலு நிமிட வேலை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். குரல் பதிவை மட்டும் முதலில் எடுத்து ஒரு தவணை முழுக்க விடாமல் நடத்துங்கள். ஒரு வாரம் விட்டால் குழு செத்துவிடும். அடுத்த தவணையில் புத்தகப் பை. பதினெட்டு வீட்டில் இரண்டு மூன்று வீடு என்ன செய்தாலும் அசையாது. குடி, கடன், பிரிவு என்று அங்கே வேறு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கிற காது நீங்கள்தான். இடைவேளையில் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விக்கு அவர்களும் "டீச்சர்கிட்ட" என்று பதில் சொல்லலாம்.

கடைசியாக, பெற்றோர் ஈடுபாட்டுக் கோப்புக்குப் படமும் வருகைப் பட்டியலும் வேண்டுமே என்று தலைமையாசிரியர் கேட்பார், அது அவர் வேலை. உதவித்தொகை நாளில் மேசைப் பக்கம் குனிந்து நிற்கிற பெற்றோரைப் பிள்ளைகள் முகம் தெரியாமல் ஒரு படம் எடுங்கள். 'நேத்து யார்கிட்ட' பட்டியலைத் தட்டச்சு செய்து கூடவே வையுங்கள். வருகைப் பட்டியலைவிட அது நீளமாக இருக்கும்.